துணிக்கு ஆஸ்கார் வாங்குன படத்துல மதுரை எங்கய்யா?

மாசிவீதி மாப்ள:
நேத்து ராத்திரி அட்டன்பரோவோட காந்தி படத்த மறுக்கா பாத்தேன். 191 நிமிசம், நடுவுல ஒருக்கா காபிக்கு எந்திரிச்சதோட சரி. அக்கா மக லீவுக்கு வந்திருக்கா, எட்டாப்பு, காந்திய பத்தி ஏதோ ப்ராஜெக்ட்டாம், அவளோட உக்காந்து பாத்தேன். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, காந்தி தென்னாப்பிரிக்காவுல இருந்து திரும்பி வந்து ரயில்ல ஊர் ஊரா சுத்துவாருல்ல, அதுல ஒரு ஆத்தங்கரை சீன் வரும், தண்ணிக்குள்ள ஒரு ஏழைப் பொம்பள கந்தலோட நிக்கும், இவரு தன் வெள்ளைத்துணிய அப்படியே ஆத்துல விடுவாரு, அது மெதந்து மெதந்து அவகிட்ட போய்ச் சேரும். ஒரு வார்த்தை பேச்சு கெடயாது.

இவ டக்குன்னு கேட்டா, "மாமா, காந்தி சட்டைய விட்டது நம்ம மேலமாசி வீதிலன்னு சொன்னீங்க, இது எந்த ஆறு, வைகையா?" வைகைல எங்கடி இம்புட்டு தண்ணின்னு சொல்லி தப்பிச்சிட்டேன், ஆனா எனக்கு அப்பறம் தூக்கமே வரல.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி 251ஆம் நம்பர் வீடு. முந்தின நாள் வரைக்கும் சட்டை தொப்பி முழு வேட்டின்னு இருந்த மனுசன், அன்னைக்கு காலைல இடுப்புல ஒரு முழத்துண்டோட வெளிய வந்தாரு. அதுக்கப்பறம் சாகுற வரைக்கும் அதே கோலம்தான், 1931ல லண்டன் அரமனைல ராஜா குடுத்த டீ பார்ட்டிக்கும் அப்படித்தான் போனாரு. அந்த வீட்டுல இப்ப கதர் கடை இருக்கு, அந்தக் கோலத்துல முதமுதல்ல கூட்டத்துல பேசுன எடத்துக்கு இன்னைக்கும் காந்தி பொட்டல்னுதான் பேரு.

என் ஆதங்கம் என்னன்னா இந்தப் படத்துக்கு கெடச்ச எட்டு ஆஸ்கார்ல ஒண்ணு உடைக்கு! பானு அத்தையா, ஜான் மோலோ கூட சேந்து வாங்குனாங்க, ஆஸ்கார் வாங்குன மொத இந்தியரே அவுங்கதான். காத்தியவார் தலைப்பாகைல இருந்து வக்கீல் கோட்டு வரைக்கும் அம்புட்டு நுணுக்கமா பண்ணிருக்காங்க. அப்பேர்ப்பட்ட படத்துல அந்தாளு வாழ்க்கைலயே பெரிய உடை மாத்தம் நடந்த ஊரு இல்ல. இது நியாயமா?

சால்னா சங்கம்:
அன்னைக்கு வைகைல தண்ணி விட்ருந்தா ஷூட்டிங் இங்க வந்திருக்கும், ஆஸ்கார் ஒம்போதாயிருக்கும். எல்லாம் பொதுப்பணித்துறை சதி

ரீல்பெட்டி:
மாப்ள கோச்சிக்காத, நான் எடிட்டிங் டேபிள்ல சோறு திங்கிறவன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். படம் ஆரம்பிக்கும்போதே ஒரு கார்டு போடுவாங்க, ஒரு மனுஷனோட வாழ்க்கைய ஒரே தடவைல சொல்லி முடிக்க முடியாது, ஒவ்வொரு வருஷத்துக்கும் அதுக்குண்டான இடத்த குடுக்க முடியாதுங்கிற மாதிரி. 1893ல தென்னாப்பிரிக்காவுல காந்திய கீழ தள்ளிவிட்ட மாரிட்ஸ்பர்க் ரயில்ல இருந்து 1948 வரைக்கும் 55 வருஷம், கையில மூணு மணி நேரம். கணக்கு போட்டுக்கோ.

அதுமில்லாம மதுரைல நடந்தது ஒரு நொடில நடந்தது இல்ல. காந்தியே எழுதிருக்காரு, முதல்ல வங்காளத்துல பாரிசால்ல இருக்கும்போது இந்த நினைப்பு வந்துச்சு, விட்டாரு. அப்புறம் வால்டேர்ல, அதான் விசாகப்பட்டினத்துல, கூட வந்த கிலாபத் தலைவர் மௌலானா முகமது அலிய அரெஸ்ட் பண்ணினப்ப மறுபடி வந்துச்சு, அப்பவும் தயங்கினாரு. மூணாவதாதான் மதுரை. இத எப்படி படமா எடுப்ப? ஒருத்தரு மூணு ஊர்ல உக்காந்து யோசிக்கிறத காட்டுனா தியேட்டர்ல பாதிப் பேரு பாப்கார்ன் வாங்கப் போயிடுவான்.

எனக்கு தோணுறது என்னன்னா, அந்த ஆத்தங்கரைப் பொம்பள பீகார் சம்பாரன்ல இருந்து வந்தவ. சத்திய சோதனைல வருமே, ஏன் துணி துவைக்காம இருக்கீங்கன்னு கஸ்தூரிபா கேக்கப்போக, ஒரு அம்மா குடிசைக்குள்ள கூட்டிட்டுப் போய் பாருங்க இங்க பொட்டி கிடையாது அலமாரி கிடையாது, கட்டியிருக்கிற இந்த ஒரு புடவைதான், இத எப்படி துவைக்கிறதுன்னு கேட்பாங்க. அந்த ஒத்தப் புடவையையும் உங்க மதுரை முழத்துண்டையும் முடிச்சு போட்டு ஒரே ஷாட்டா ஆத்துல விட்டுட்டாரு மனுஷன். வசனமில்லாம. அது திறமைப்பா, பொய்யில்ல.

மாசிவீதி மாப்ள:
ரீலு, நீ சொன்ன சத்திய சோதனை சீன்லயே பதில் இருக்குய்யா! அந்தம்மா பேசுறாங்க. கேள்வி கேக்குறாங்க. கஸ்தூரிபா கிட்ட மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க. படத்துல அவ வாயத் தெறக்கலயே, தண்ணில நின்னு பாத்துக்கிட்டு, துணிய வாங்கிக்கிட்டு, அம்புட்டுதான.

மதுரை கதைல அது இன்னும் மோசம். யோசிக்கிறத எப்படி எடுக்கன்னு கேக்குறியே, மெட்ராஸ்ல இருந்து மதுரைக்கு வந்த ரயில எடு! கம்பார்ட்மெண்ட்ல இவரு சனங்ககிட்ட கதர் போடுங்கன்னு கேக்குறாரு. அவுங்க தலைய ஆட்டிட்டு, நாங்க ஏழைங்க, கதர் வெல சாஸ்தி, எங்களால வாங்க முடியாதுன்னு சொல்லிப்புடுறாங்க. இவரு கிட்ட பதில் இல்ல. தன் மேல பாக்குறாரு, சட்டை இருக்கு, தொப்பி இருக்கு, முழு வேட்டி இருக்கு. மறுநாள் காலைல அத கழட்டுறாரு. இதவிட ஒரு சீன் வேணுமா உனக்கு?

படத்துல இவரு குடுக்குறாரு அவ வாங்குறா. நெசத்துல அவுங்க ஒரு பதில் குடுத்தாங்க, இவரு வாங்கிக்கிட்டாரு. நான் மதுரைக்காரன்னு ஊர்ப்பெருமைக்கு மட்டும் சொல்லல.

ரீல்பெட்டி:
ம்ம். இது நல்ல பாயிண்ட்டுதான், ஒத்துக்குறேன். ஆனா ஒரு திருத்தம், நீ அழகுபடுத்தி சொல்ற. அந்த ரயில்ல பேசினவங்க கந்தல்ல இருந்தவங்க இல்ல, கிட்டத்தட்ட எல்லாருமே பளபளன்னு சீமைத்துணில இருந்தாங்கன்னு காந்தியே எழுதிருக்காரு. அவங்க சொன்னது பாதி உண்மைதான்னும் சொல்றாரு. முழு உண்மைய சொன்னது யாருன்னா, நாலு அங்குல அகலக் கோவணத்தோட நிக்கிற கோடிக்கணக்கான பேரு, அவங்க உடம்பாலயே சொன்னாங்கங்கிறாரு. ஆக பேசினவன் பாதி, பேசாதவன் மீதி. அட்டன்பரோ பேசாதவன எடுத்துக்கிட்டாரு.

மாசிவீதி மாப்ள:
அட போய்யா

ஆனாலும் பாதி உண்மைக்கு பதில் சொல்லத் தெரியாம சட்டையக் கழட்டுனவருய்யா. அத காட்டலாம்ல.

தரங்கை அலை:
நான் பொறையார் பக்கம். இழைய காலைல இருந்து படிக்கிறேன், மாப்ள சொல்றதுல எனக்கும் ஒரு பங்கு கோவம் இருக்கு. மதுரைய விடுங்க, தென்னாப்பிரிக்கா பகுதில தமிழாளுங்க எங்க? படத்துல கூட்டமா நிப்பாங்க, கை தட்டுவாங்க, அவ்ளோதான். பாலசுந்தரம்னு ஒரு கூலித் தொழிலாளி, முதலாளி அடிச்சு முன்பல்லு ரெண்டு உடைஞ்சு வாயெல்லாம் ரத்தத்தோட காந்தி ஆபீசுக்கு வந்தாரு. வந்தவரு தலைத்துணிய கழட்டி கைல வெச்சிக்கிட்டு நின்னாரு, ஏன்னா வெள்ளைக்காரன் முன்னாடி அப்படித்தான் நிக்கணும்னு பழக்கி வெச்சிருந்தாங்க, அதே மரியாதைய காந்திக்கும் காட்டுறாரு. காந்திக்கு வெக்கமா போச்சு, மொதல்ல துணிய தலைல கட்டுங்கன்னு சொன்னாரு. தயங்கித் தயங்கி கட்டுறாரு, ஆனா கட்டும்போது அவரு மொகத்துல ஒரு சந்தோஷம் தெரிஞ்சுதாம். கேஸ் நடந்து வேற முதலாளி கிட்ட மாத்துனாங்க, அந்த சேதி மெட்ராஸ் வரைக்கும் பரவுச்சு. துணிக்கு ஆஸ்கார் துணிக்கு ஆஸ்கார்னு சொல்றீங்களே, இந்தத் துணி யார் கண்ணுக்கும் படலையா?

அப்புறம் எங்க வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்ல பொறந்த பொண்ணு, அப்பா அம்மாவுக்கு தில்லையாடி. 1913 போராட்டத்துல மூணு மாசம் கடுங்காவல், வெளிய வரும்போதே காய்ச்சல், 1914 பிப்ரவரி 22ல செத்துப்போச்சு. 16 வயசு. ஜெயிலுக்கு போனதுக்கு வருத்தப்படுறியான்னு காந்தி கேட்டதுக்கு இப்பவும் புடிச்சா போவேன்னு சொன்ன பொண்ணு அது. இந்தியா திரும்பின 1915லயே காந்தி தில்லையாடி மண்ணுக்கு வந்துட்டு போனாரு. மெட்ராஸ்ல எழும்பூர்ல கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவ பேருதான், தீபாவளிக்கு அங்க சேலை எடுக்கிற எத்தன பேருக்கு தெரியும்னு கேட்டா சண்டைக்கு வருவாங்க.

சால்னா சங்கம்:
எனக்கு தெரியாது. சேலையும் எடுத்திருக்கேன். சண்டைக்கும் வரல

நீலச்சட்டை:
எல்லாரும் துணிக்கு அழுறீங்க, ஒரு ஆளையே காணோம் அத யாரும் கேக்கல. அந்த மூணு மணி நேரப் படத்துல அம்பேத்கர் ஒரு ஃப்ரேம்ல கூட கிடையாது. 1931 வட்டமேசை லண்டன் காட்டுவாங்க, மில் தொழிலாளிங்க கைதட்டுறத காட்டுவாங்க, அங்கேந்து ஒரே தாவு, உலகப்போர் வந்துடும். நடுவுல 1932 செப்டம்பர், தாழ்த்தப்பட்டவங்களுக்கு தனி வாக்காளர் தொகுதி கூடாதுன்னு காந்தி எரவாடா ஜெயில்ல இருந்த உண்ணாவிரதம், அதுக்கப்பறம் அம்பேத்கரோட போட்ட பூனா ஒப்பந்தம், எல்லாம் காத்துல போச்சு. இது இடம் பத்தலைங்கிற கதையா? அமெரிக்க போட்டோகிராபர் அம்மா வந்து ராட்டை சுத்தக் கத்துக்கிறதுக்கு இடம் இருக்கு. வட்டமேசைக்கு அம்பேத்கரோட போன ரெட்டமலை சீனிவாசன் நம்ம ஊர்க்காரர், அதுக்கு முன்னாடி தென்னாப்பிரிக்காவுலயும் இருந்தவர், அவரையெல்லாம் கேக்கவே வேணாம்.

துணி மேட்டர்லயும் ஒண்ணு சொல்லணும். காந்தி சட்டைய கழட்டுனது தியாகம், சரி. ஆனா சட்டை போட விடாம வெச்சிருந்த சனங்களுக்கு போடுறதுதான் போராட்டம். தோள்சீலைக்காக நாஞ்சில் நாட்டுப் பொம்பளைங்க பல வருஷம் அடிபட்டு ரத்தம் சிந்தி, 1859லதான் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவே போட்டாரு. அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டதும் அந்த வரிசைலதான். ஒருத்தர் கழட்டுனதும் இன்னொருத்தர் போட்டதும் ஒரே படத்துல பக்கத்துல பக்கத்துல நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும், நெனச்சு பாருங்க. வட்டமேசைல நெசமாவே அப்படித்தான் இருந்தாங்க! சீன் ரெடியா இருந்துச்சு. எடுக்கல.

ரீல்பெட்டி:
இதுக்கு என்கிட்ட வக்காலத்து இல்ல. சினிமாவா பாத்தாக்கூட தப்பு, ஹீரோவுக்கு சரிக்கு சரி வாதாடுற ஆள வெளிய தள்ளிட்டா மீதி எல்லாம் ஆமாம் போடுறவங்களாயிடும். ஜின்னா ஒருத்தர் இருக்காரு, அவரையும் சிகரெட்டோட முறைச்சுக்கிட்டே நிக்க வெச்சுட்டாங்க.

அம்பேத்கர பாக்கணும்னா ஜப்பார் படேல் எடுத்தத பாருங்க, மம்மூட்டிக்கு தேசிய விருது வாங்கி குடுத்த படம். தென்னாப்பிரிக்காவுக்கு 1996ல ஷ்யாம் பெனகல் எடுத்தது இருக்கு, அந்த 21 வருஷம்தான் முழுப் படமும். ரஜித் கபூர் அதுல பென் கிங்ஸ்லி அளவுக்கு மின்னமாட்டாரு, ஆனா தப்பு பண்ற காந்திய அதுல நல்லா பாக்கலாம்.

கும்மாங்குத்து:
வெள்ளக்காரன் எடுத்தா இப்படித்தான். காந்தியா நடிச்சதும் வெள்ளக்காரன். முடிஞ்சுது

ரீல்பெட்டி:
@கும்மாங்குத்து கிங்ஸ்லியோட சொந்தப் பேரு கிருஷ்ணா பாஞ்சி, அப்பா வழி குஜராத்தி. காந்தி ஊருக்கு பக்கத்து ஊருன்னே சொல்லலாம். படத்துக்கு பணத்துல ஒரு பங்கு போட்டதும் நம்ம என்எஃப்டிசிதான், அதாவது மத்திய அரசோட திரைப்பட வளர்ச்சிக் கழகம், வரிப்பணம் எதுக்குன்னு அப்பவே பெரிய சண்டை. சும்மா அடிச்சு விடாதீங்க பாஸ்.

நெறியாளர்:
கும்மாங்குத்துவோட அடுத்த நாலு பதிவ எடுத்தாச்சு. படத்த திட்டுங்க, ஆள திட்டாதீங்க.

உப்பளத்தான்:
வேதாரண்யத்துலேருந்து வர்றேன், லேட்டுதான், உப்பு ஏத்திட்டு இப்பதான் போன தொறக்கிறேன். தண்டி நடைய படத்துல அருமையா எடுத்திருப்பாரு, அத குறை சொல்லமாட்டேன். அதுக்கப்பறம் குஜராத் தராசனா உப்பளத்துல வரிசை வரிசையா போயி தடியடி வாங்குற சீனு, அடி விழுற சத்தம், கை தூக்கி தடுக்கக்கூட மாட்டாங்க, பொம்பளைங்க வந்து தூக்கிட்டு போயி கட்டு போடுவாங்க அடுத்த வரிசை நகரும். எத்தன தடவ பாத்தாலும் எனக்கு தொண்டை அடைக்கும். அத உலகத்துக்கு சொன்ன நிருபர் வெப் மில்லர், படத்துல பேர மாத்தி வாக்கர்னு வெச்சிருக்காங்க, நடிச்சது மார்ட்டின் ஷீன்.

ஆனா எங்க ஊரு நடை வேற மாதிரி. 1930 ஏப்ரல் 13 ராஜாஜி திருச்சிலேருந்து கெளம்புனாரு, நாமக்கல் கவிஞர் எழுதுன கத்தியின்றி ரத்தமின்றி பாட்டதான் பாடிக்கிட்டே வந்தாங்க. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவங்களுக்கு சோறு போட்டாலோ தங்க எடம் குடுத்தாலோ ஜெயிலுன்னு உத்தரவு போட்டுட்டான். சனங்க என்ன பண்ணுனாங்க, சோத்த பொட்டலமா கட்டி வழி நெடுக மரக்கிளைல தொங்க விட்டுட்டாங்க! யாரு போட்டான்னு எப்படி கேஸ் எழுதுவ? எங்க தாத்தா அந்தக் கதைய சொல்றப்ப புளியமரத்த காட்டி காட்டி சொல்லுவாரு, அது அந்த மரம்தானான்னு நாங்க கேட்டதில்ல.

வைரப்பன்னு ஒரு சவரத் தொழிலாளி. சர்க்கார் ஆளுக்கு சவரம் பண்றதில்லன்னு சத்தியம் பண்ணுனவரு. ஒருத்தன் மப்டில வந்து உக்காந்துட்டான், பாதி மொகம் முடிஞ்சப்பதான் போலீஸ்னு தெரிஞ்சுது, கத்திய கீழ வெச்சுட்டாரு. கேஸ், ஜெயிலு. அவருக்கு எங்க ஊருல நினைவுத்தூணே இருக்கு. பாதி சவரத்தோட கோர்ட்டுல நிக்கிற போலீஸ்காரன், இத எந்த டைரக்டரு விட்டு வெப்பாரு சொல்லுங்க. யாரும் இன்னும் உருப்படியா எடுக்கல. அட்டன்பரோ எடுக்கலன்னு கேக்குறதுக்கு முன்னாடி நம்மாளு ஏன் எடுக்கலன்னு கேக்கணும்.

பழைய டிக்கெட்:
தம்பிகளா, உப்பளத்தான் கடைசியாக் கேட்ட கேள்விக்கு மட்டும் ஒரு பதில் உண்டு. நம்மாளு எடுத்தார். அட்டன்பரோவுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே எடுத்தார். ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2, நியூயார்க்லேந்து டப்ளினுக்கு கப்பல்ல போறப்ப அவருக்கு அந்த எண்ணம் வந்தது. அப்புறம் நாடு நாடா அலைஞ்சு, காந்தி எங்கெங்கல்லாம் படம் பிடிக்கப்பட்டாரோ அங்கெல்லாம் போயி சுருள் சேத்தார், ஐம்பதாயிரம் அடிம்பாங்க. 1940ல தமிழ்ல டாகுமெண்டரியா வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி நடக்குறப்பவே! அதுல நடிகர் கிடையாது, காந்தி வேஷம் போட்டவர் காந்திதான்.

அட்டன்பரோ படத்த நான் பாத்தது பள்ளிக்கூடத்துல வரிசை கட்டி கூட்டிட்டு போனப்ப, 83ல. பின் வரிசைல பசங்க ஒரே கூச்சல், படம் இங்கிலீஷு, ஒரு மண்ணும் புரியல. சவ ஊர்வலம் வந்ததும் கப்சிப். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லத் தெரியல எனக்கு. அதுக்கு தில்லி ராஜபாட்டைல மூணு லட்சம் பேர நிறுத்தினார்ங்கிறதெல்லாம் பிற்பாடு படிச்சதுதான், 1981 ஜனவரி 31, நிஜ ஊர்வலம் நடந்த அதே தேதி, பதினோரு கேமரா யூனிட். திரையில வர்றது ரெண்டு நிமிஷ சொச்சம்.

அந்தப் படத்துல எனக்கு பிடிச்சது அதுவும் இல்ல. கக்கூஸ் கழுவச் சொல்லி காந்தி கஸ்தூரிபாவ கையப் பிடிச்சு இழுத்து வெளிய தள்ளப் போற இடம். ரோகிணி ஹட்டங்காடி அழுதுட்டே நிப்பாங்க, இவருக்கு மூஞ்சி விழுந்துபோகும். நிஜத்துல அது டர்பன் வீட்டுல, குமாஸ்தா ஒருத்தரோட மூத்திரச் சட்டி விவகாரம், படத்துல ஆசிரமத்துக்கு மாத்திட்டாங்க. மாத்தினாலும் வெக்கத்த விடல பாருங்க. சாமியாக்கிடாதீங்கன்னு நேரு சொல்லி அனுப்பினாராம் அட்டன்பரோகிட்ட, அந்த ஒரு இடத்துல கேட்டுண்டார். ஆத்தங்கரைல கேக்கல. மாசிவீதி தம்பி கட்சிதான் நான்.

ரீல்பெட்டி:
ஐயா சொன்னதுக்கப்புறம் நானும் கட்சி மாறிட்டேன். அந்த ரயில் சீன மனசுக்குள்ள வெட்டிப் பாத்தேன், நாப்பது செகண்டுக்கு மேல வராது. காந்தி பேசுறதே வேணாம். எதிர் சீட்டு ஆளு பதில் சொல்ற மொகம், தலைய ஆட்டுறது, காந்தி தன் சட்டை பட்டன பாக்குறது, கட். காலைல மாசி வீதி, மாடிப்படில கால் மட்டும் இறங்கி வருது. ஆத்துக்கு ஆன செலவு கூட ஆகாது.

மாசிவீதி மாப்ள:
ரீலு, இத அப்படியே அக்கா மககிட்ட படிச்சு காட்டுனேன். ப்ராஜெக்ட்ல ஆத்தங்கரைய அடிச்சிட்டு ரயில் படம் வரையப் போறாளாம். வரஞ்சிக்கிட்டே கேக்குறா, "மாமா, காந்திக்கு பதில் சொன்னாருல்ல, அவரு பேரு என்ன?" அவரு அத எழுதலடின்னேன். அப்ப நீங்களே ஒரு பேரு சொல்லுங்கன்னு கேப்பான்னு பாத்தா, கேக்கல. காந்திக்கு கீழ காந்தின்னு எழுதிட்டு, எதிர் சீட்டு ஆளுக்கு கீழ ஒரு கட்டம் போட்டு காலியா விட்டுருக்கா. டீச்சரு மார்க் கொறைப்பாங்கடின்னு சொல்லிப் பாத்தேன், கொறைச்சா கொறைக்கட்டும்ங்கிறா.